மல்டிமீடியா ஜர்னலிசம் எம்.ஏ. படிக்கலாமா? முடித்து வந்தவள் சொல்கிறேன்

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் 2021-லிருந்து 2023 வரை மல்டிமீடியா ஜர்னலிசம் எம்.ஏ. படித்தேன். எழுத்து, ஒலி, வீடியோ எல்லாவற்றிலும் செய்தி சொல்லப் பழக்குகிற படிப்பு. பெயர் சொல்லவில்லை. நல்லதையும் சொல்வேன், மனசு நொந்ததையும் சொல்வேன். எனக்குப் பாடம் எடுத்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். வேறு கல்லூரிகளில் இதே படிப்பைப் படித்த தோழிகளிடம் பேசிப் பார்த்தேன். நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி அங்கேயும் அப்படித்தான். அதனால் இதைப் படிப்பைப் பற்றிய மதிப்புரையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் வந்துவிட்டால் ஊரிலிருந்து யாராவது போன் செய்வார்கள். "அந்தப் படிப்புக்குப் பணம் கட்டலாமா?" கட்டலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் கேமரா பிடிக்கவும் எடிட் பண்ணவும் கற்றுக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் கட்டாதீர்கள். அதை வீட்டில் உட்கார்ந்து யூடியூப் பார்த்தே மூன்று மாதத்தில் பழகிவிடலாம். வேறொன்று இருக்கிறது, அதற்காகக் கட்டலாம். அது என்னவென்று போனில் சொன்னால் பாதிப் பேருக்குப் பிடிபடுவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டி பக்கம். அம்மா தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிறார். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்லமாட்டோம், ஆபீஸ்தான். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, பி.எட். சேரு என்று வீட்டில் சொன்னதை மறுத்துவிட்டு இதில் சேர்ந்தேன். கல்லூரிக் கட்டணம், விடுதி, சாப்பாடு, ஊருக்குப் போய்வந்த ரயில் காசு எல்லாம் சேர்த்து இரண்டு வருஷத்துக்கு 2,30,000 ரூபாய் ஆனது. அதில் ஒன்றரை லட்சம் பாங்க் லோன், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் இந்தக் காசுக்கு இது தகுமா என்ற நினைப்பு இருந்துகொண்டே இருந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே வைக்கிறேன்.

முதலில் சாமான்கள். விண்ணப்பப் புத்தகத்தில் ஸ்டுடியோ படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஸ்டுடியோ நிஜமாகவே இருந்தது. பச்சைத் துணி, மூன்று லைட், செய்தி வாசிக்க ஒரு மேஜை. இரண்டு வருஷத்தில் நான் அதற்குள் போனது ஐந்து தடவை. 38 பேருக்கு ஆறு கேமரா. எடிட்டிங் லேபில் 14 கம்ப்யூட்டர், அதில் எப்போதும் மூன்று நான்கு படுத்துக்கிடக்கும். கேமராவைக் கையெழுத்துப் போட்டு வாங்கினால் சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும், சனி ஞாயிறு கிடையாது. காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். கோயம்பேட்டுக்குக் காய்கறி லாரி ராத்திரியில்தான் வரும். இந்த ஊரில் உழைப்பு நடக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் கேமரா பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. எத்தனை முறை கேட்டும் அந்த விதி மாறவில்லை, அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதனால் எல்லோரும் போனில் எடுத்தோம். நல்ல போன் வைத்திருந்தவர்களுக்குக் கவலையில்லை. என் அறைத்தோழி வைத்திருந்தது ஏழாயிரம் ரூபாய் போன். இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்தால் மெமரி நிரம்பிவிட்டது என்று நின்றுவிடும். வகுப்பில் அவளைப் போலச் செய்தியை மோப்பம் பிடிக்கிற ஆள் கிடையாது. அவளுக்குத்தான் வீடியோ தாளில் மதிப்பெண் குறைந்தது. சாமான் போதவில்லை என்றால் முதலில் அடிபடுவது இல்லாத வீட்டுப் பிள்ளைதான். பணம் கட்டும் முன் இதை யோசியுங்கள்.

போனில் எடுத்த என் முதல் வீடியோ ஒரு ரேஷன் கடை. அறைக்கு வந்து பார்த்தால், டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த காட்சி முழுக்கக் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன. போன் கெட்டுவிட்டது என்று அழுகையே வந்துவிட்டது. லேப் அண்ணன் ஒருவர்தான் காரணம் சொன்னார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போன் தானாக நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம் எடுக்கும், ஒவ்வொன்றுக்கும் ஷட்டரை 1/60 நொடி திறந்து வைக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் பட்டை விழும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று கையால் மாற்றி வைத்தால் போய்விடும். மாற்றினேன், போய்விட்டது. ஐந்து நிமிஷப் பாடம், இன்றைக்கும் தினமும் பயன்படுகிறது. ஆனால் இதை யூடியூபில் யாரும் தெரிந்துகொள்ளலாம். இதற்கு இரண்டு லட்சம் தேவையில்லை.

எதற்குத் தேவை என்றால், அடுத்து சொல்லப்போகும் மேடம் மாதிரி ஒருவருக்காக.

முதல் செமஸ்டரில் வானொலி இதழியல் என்று ஒரு தாள். அதை எடுத்த மேடம் முன்பு வானொலியில் வேலை பார்த்தவர். டிசம்பர் மாதம் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தார்: இரண்டு நிமிஷ ஆடியோ செய்தி, உங்கள் ஊரிலிருந்து. எனக்குத் தேட வேண்டியதே இல்லாமல் போயிற்று. 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆகியிருந்தது. 14 வருஷத்துக்குப் பிறகு ஏறிய விலை. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை, பொட்டாசியம் குளோரேட் எல்லாம் விலை ஏறிவிட்டது என்று உற்பத்தியாளர் சங்கங்கள் கூடி எடுத்த முடிவு. எங்கள் தெருவே பேசிக்கொண்டிருந்த விஷயம். ஒரு வார இறுதியில் ஊருக்குப் போய், அம்மா வேலை பார்க்கிற ஆபீசில் அனுமதி கேட்டு, போனில் பதிவு செய்துகொண்டு வந்தேன். குச்சி முனையில் மருந்து முக்குகிற பக்கம் மட்டும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மேடம் அதை முழுக்கக் கேட்டார். வகுப்பில் பத்துப் பேருடையதை வரிசையாகப் போட்டுத் தலையாட்டுகிற ஆள் இல்லை. ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஹெட்போனில் ஒரு காது அவருக்கு ஒரு காது நமக்கு. முடிந்ததும் என்னைப் பார்த்து, "உங்க அம்மா எங்கேம்மா இருக்காங்க? எனக்கு மெஷின்தான் கேட்குது" என்றார். நான் ஆறடி தள்ளி நின்று பதிவு செய்திருந்தேன். பக்கத்து ஹாலில் ஓடிய மெஷின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. எடிட்டிங்கில் இரைச்சலைக் குறைத்துக் கொண்டுபோனேன். அம்மாவின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. "இது உங்க அம்மா குரலா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப வேண்டாம்."

அன்றைக்குத் தன் கைப்பையைத் திறந்து சொந்த ரெக்கார்டரை எடுத்துக் கொடுத்தார். ஜூம் எச்1என், உள்ளங்கையில் அடங்குகிற சாமான். பொங்கல் முடிந்து திரும்பும்போது கொண்டுவா என்றார். அந்த ஜனவரியில் ஒமைக்ரான் பரவிக் கல்லூரிகளை மூடிவிட்டார்கள். பிப்ரவரி 1-ஆம் தேதிதான் திறந்தார்கள். ஒரு மாதம் அந்த ரெக்கார்டர் என் வீட்டில் இருந்தது. ஒரு தடவைகூட எங்கே என் சாமான் என்று அவர் கேட்கவில்லை.

இந்தத் தடவை அம்மாவின் கைக்கு ஒரு சாண் தூரத்தில் ரெக்கார்டரை வைத்தேன். சத்தம் உடையாமல், ரெக்கார்டரின் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றியே இருக்கும்படி அளவு வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து அம்மா பெட்டி அடைக்கிறதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கேட்டேன். குச்சியை ஒரு பிடி அள்ளும்போது மழை ஓட்டில் விழத் தொடங்குகிற மாதிரி ஒரு சத்தம். பிடியைப் பலகையில் தட்டிச் சமப்படுத்தும்போது ஒரு தட்டு. அடிப்பெட்டிக்குள் குச்சி விழும்போது ஒரு சரசரப்பு. மேல்பெட்டிக்குள் தள்ளும்போது அட்டை அட்டையோடு உரசுகிற சின்னச் சத்தம். பிறகு அடுத்த பிடி. அம்மா குச்சியை எண்ணுவதில்லை, கைப்பிடிதான் கணக்கு. நான் ஒரு பெட்டியைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன், 49 இருந்தது. இன்னொன்றில் 50. ஒரு நிமிஷத்தில் அந்த நாலு சத்தமும் எத்தனை தடவை வருகிறது என்று அப்புறம் திரையில் அலை அலையாகப் பார்த்தபோது, அம்மாவின் உடம்பு ஒரு நாளைக்கு என்ன செய்கிறது என்பது எனக்கு முதல் முறையாகப் புரிந்தது.

மூன்றாவது ஃபைலை வீட்டிலிருந்தே அனுப்பினேன். ஸ்கிரிப்டில் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டுத் திரும்பி வந்தது. "விலை உயர்வால் தொழிலாளர்கள் மகிழ்ச்சி அடைந்துள்ளனர்" என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் மேடம் இரண்டே வார்த்தை எழுதியிருந்தார்: "யார் சொன்னது?" யாரும் சொல்லவில்லை. செய்தி என்றால் அப்படி ஒரு வரி இருக்கும் என்று நானே போட்டுக்கொண்டது. அடுப்படியில் நின்ற அம்மாவிடம் போய்க் கேட்டேன். "பெட்டி விலைதானட்டி ஏறிருக்கு, அடைக்கிற கூலி எங்க ஏறுச்சு?" என்றார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சொந்த அம்மாவிடம் கேட்காமல் அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று நான் எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் அது அப்படியே போயிருக்கும். செய்தியே வேறாகிவிட்டது. முதலாளி தரப்பில் ஒருவரைக் கேட்டேன். மூலப்பொருள் விலையைப் பட்டியலாகச் சொல்லி, இந்த உயர்வே அதற்குத்தான் சரியாகப் போகிறது என்றார். அவர் சொன்னதையும் வைத்தேன்.

நான்காவது, அந்த இடத்தின் சத்தத்தை யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் தனியாகப் பதிவு செய்யாததால் வெட்டிய இடங்களில் எல்லாம் பள்ளம் விழுந்தது என்று வந்தது. மறுபடி ஆபீசுக்குப் போய்ப் பதிவு செய்தேன். ஐந்தாவது, கூலி பற்றிச் சொன்னதும் அம்மா மூன்று நொடி பேசாமல் இருந்ததை நான் வெட்டியிருந்தேன். "அதுதான்மா உன் செய்தி, அதைப் போய் வெட்டலாமா?" ஆறாவது, 14 நொடி அதிகம், நான் மிகவும் பிடித்து எழுதிய முதல் இரண்டு வரியை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டு நேராகக் குச்சி சத்தத்தில் தொடங்கினேன். ஏழாவது ஃபைலுக்கு ஒரு பதிலும் வரவில்லை. மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்.

இதற்குத்தான் காசு. நம் வேலையை ஒருவர் முழுசாகக் கேட்டு, எங்கே பொய் இருக்கிறது, எங்கே சோம்பல் இருக்கிறது என்று காட்டி, கோபப்படாமல் திருப்பி அனுப்புவது. யூடியூப் சொல்லிக்கொடுக்கும், திருப்பி அனுப்பாது. வேலைக்குப் போன பிறகு திருப்பி அனுப்ப அங்கே யாருக்கும் நேரமில்லை. இருபது நிமிஷத்தில் ஏற்றியாக வேண்டும். இரண்டு வருஷத்தில் இப்படி இரண்டு பேர் கிடைத்தார்கள் எனக்கு. மற்ற தாள்களில் எல்லாம் ஃபைலைக் கொடுத்தோம், மதிப்பெண் வந்தது, யாராவது திறந்தார்களா என்றுகூடத் தெரியாது.

அந்த இரண்டாவது ஆள் சட்டமும் சரிபார்ப்பும் எடுத்த சார். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவினவே, ஞாபகமிருக்கும். திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் பயந்துபோனார்கள், பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. சார் அந்த வாரம் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த வீடியோக்களையே வகுப்புக்குக் கொண்டுவந்தார். ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி, படத்தைத் தேடுபொறியில் போட்டு, கடைப் பெயர்ப்பலகை என்ன மொழி, வண்டி நம்பரின் முதல் இரண்டு எழுத்து என்ன, பின்னால் கேட்கிற ஆள் எந்த மொழியில் கத்துகிறான் என்று பார்க்க வைத்தார். சில வேறு மாநிலத்தில் நடந்தவை. சில இங்கேயே நடந்த, ஆனால் இதற்குச் சம்பந்தமே இல்லாத சண்டைகள். வாட்ஸ்அப்பில் எங்கள் சித்தப்பாவே அனுப்பியிருந்த ஒன்றை அன்றைக்கு நானே பிரித்துப் பார்த்து, அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கிற போக்சோ சட்டத்தையும் அவர்தான் மனசில் பதிய வைத்தார். பயிற்சிக்காகச் செய்த ஒரு வீடியோவில் சிறுமியின் முகத்தை மங்கலாக்கிவிட்டேன், வேலை முடிந்தது என்று இருந்தேன். பின்னால் பள்ளிக்கூடப் பலகை தெரிந்தது. 2012-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு பெயர், முகவரி, படத்தோடு நிற்கவில்லை. குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டுகிற எதையும் வெளியிடக்கூடாது என்கிறது. சார் அதை வரி வரியாகப் படித்துக் காட்டிவிட்டு, "ஊருக்குள்ளே அந்தப் பிள்ளை நாளைக்கும் நடக்கணும்" என்றார். இன்று எந்தக் காட்சியைப் பார்த்தாலும் முதலில் பின்புறத்தைத்தான் பார்க்கிறேன். அவதூறுச் சட்டம் நாங்கள் படித்தது இந்திய தண்டனைச் சட்டம் 499, 500. 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. பழைய நோட்ஸை வாங்கிப் படிப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஆளுக்கொரு மனு போடச் சொன்னதும் நல்ல வேலை. வெள்ளைத் தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பதிவுத் தபால். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நான் போட்ட அலுவலகத்திலிருந்து வரவில்லை. முதல் மேல்முறையீடு போட்டபின்தான் ஒன்றரைப் பக்கப் பதில் வந்தது. அதற்குள் செமஸ்டர் முடிந்துவிட்டது, ஆனால் மேல்முறையீடு எழுதத் தெரிந்துவிட்டது. புள்ளிவிவரங்களிலிருந்து செய்தி எடுக்கிற டேட்டா ஜர்னலிசம் என்று ஒரு தாள் இருந்தது. எடுக்க வந்தவர் பாதியில் போய்விட்டார், மீதியை யாரும் எடுக்கவில்லை. கணிதம் படித்துவிட்டு வந்த எனக்கு அதுதான் மிகவும் ஆசையாக இருந்தது.

இனி என் பெரிய வருத்தம், தமிழ்.

வகுப்பில் 38 பேரில் முப்பது பேருக்கு மேல் தமிழ் வழியில் படித்தவர்கள். படித்து முடித்து வேலைக்குப் போனவர்களில் ஏறக்குறைய எல்லோரும் தமிழ் ஊடகத்தில்தான் இருக்கிறோம். ஆனால் பாடம் ஆங்கிலம், புத்தகம் ஆங்கிலம், உதாரணமெல்லாம் வெளிநாடு. அமெரிக்கப் பத்திரிகை ஒன்று 2012-ல் பனிச்சரிவைப் பற்றி எழுத்து, வீடியோ, வரைபடம் எல்லாம் சேர்த்து வெளியிட்ட ஒரு கட்டுரையை நாலு வகுப்பில் பார்த்தோம். அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் சுதேசமித்திரன் பத்திரிகையைத் தொடங்கியதும், 1906-ல் பாரதி 'இந்தியா' என்ற வார இதழில் கார்ட்டூன் போட்டுப் படத்தாலும் அரசியல் பேசியதும் ஒரே ஒரு வகுப்பில் ஓடிப்போனது. எழுத்தோடு படம் சேர்ந்தால் படிக்கத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேரும் என்பதை இங்கே ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார். அதை எங்களுக்கு விரிவாக நடத்தியிருக்க வேண்டும்.

இறுதி வருஷத்து வீடியோ வேலையில் என் ஊர்ப் பெயரைத் திரையில் போட வேண்டியிருந்தது. லேபில் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோவைத் திறந்து கோவில்பட்டி என்று அடித்தேன். கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் என்று எழுத்து உடைந்து நின்றது. முதல் எழுத்தே வரவில்லை. எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன், வரவில்லை. கேட்டதற்கு, தமிழ் என்றால் அப்படித்தான், ஃபோட்டோஷாப்பில் படமாகச் செய்துகொண்டுவந்து ஒட்டு என்றார்கள். இருபது சப்டைட்டிலைப் படமாக ஒட்டினேன். ஓர் எழுத்துப் பிழை என்றால் மறுபடி முதலிலிருந்து. இதெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து நானே துருவியதில் தெரிந்தது: பிரிஃபரன்சஸில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் டெக்ஸ்ட் எஞ்சின் என்று ஒன்று இருக்கிறது, அதில் சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன் என்பதைத் தேர்ந்தெடுத்து மூடித் திறந்தால் போதும். கோவில்பட்டி, கோவில்பட்டியாக வந்து நின்றது. ஒரே ஒரு கிளிக். தமிழ்நாட்டில் ஊடகம் சொல்லிக்கொடுக்கிற லேபில் அத்தனை வருஷமாக யாரும் அதைச் செய்து வைக்கவில்லை. நான் போய் 14 கம்ப்யூட்டரிலும், ஓடியதில் எல்லாம், மாற்றி வைத்துவிட்டு, சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

தட்டச்சும் அப்படித்தான். தமிழ் 99 விசைப்பலகையை யாரும் சொல்லித்தரவில்லை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே "தமிழ் 99 தெரியுமா?" என்பதுதான். இடது கைக்கு உயிரெழுத்து, வலது கைக்கு மெய் என்று பிரித்துவைத்த அழகான அமைப்பு அது. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று வாரத்தில் கை ஓடும். சேருவதற்கு முன்பே பழகிக்கொண்டு போங்கள்.

வேலைவாய்ப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வளாகத்துக்கு வந்த இரண்டு நிறுவனமும் விளம்பரம் எழுதத்தான் ஆள் கேட்டன. இன்டர்ன்ஷிப்பை நாங்களே தேடிக்கொண்டோம். நான் ஒரு மாதம் சம்பளமில்லாமல் ஓர் இணையச் செய்தித்தளத்தில் இருந்தேன், பிறகு வேறோர் இடத்தில் 19,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். சேர்த்துக்கொண்டவர் என் சான்றிதழைப் பார்க்கவில்லை. பென் டிரைவில் இருந்த தீப்பெட்டி ஆடியோவைக் கேட்டார். அம்மா பேசாமல் இருக்கும் அந்த மூன்று நொடியில் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

போன மாதம் எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி போன் செய்தாள். பி.காம். முடித்திருக்கிறாள். "அக்கா, மூணு காலேஜ் பார்த்து வெச்சிருக்கேன், மூணுலயும் ஸ்டுடியோ சூப்பரா இருக்கு, எதுல சேர?" என்றாள். ஸ்டுடியோவைப் பார்க்காதே, இரண்டாம் வருஷம் படிக்கிற யாரையாவது பிடித்து அவர்கள் ஹார்ட் டிஸ்கைத் திறந்து காட்டச் சொல் என்றேன். ஒரே வேலைக்கு எத்தனை ஃபைல் இருக்கிறது என்று எண்ணு. கேமராவை ராத்திரிக்குத் தருவார்களா என்று கேள். லேபில் ஒரு கம்ப்யூட்டரில் கோவில்பட்டி என்று அடித்துப் பார். இவ்வளவுதான் சொன்னேன்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று இடத்துக்கும் போய்விட்டு வந்திருக்கிறாள். இரண்டு இடத்தில் ஒரு வேலைக்கு ஒரு ஃபைல்தான் இருந்ததாம். மூன்றாவது இடத்தில் ஸ்டுடியோவில் ஏ.சி. ஓடவில்லை, கட்டடமும் பழசு. அங்கே ஒரு மாணவி வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைகள் பற்றி எடுத்த மூன்று நிமிஷ வீடியோவுக்கு ஒன்பது ஃபைல் வைத்திருந்தாளாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆசிரியர் எழுதிக்கொடுத்த தாளைப் போட்டோ பிடித்துச் சேர்த்து வைத்திருந்தாள். "ஆறாவதுல ஒரே ஒரு வரிதான்க்கா எழுதியிருந்தாங்க, 'கடைக்காரரோட பேச்சு இருக்கு, தைக்கிறவங்க எங்கே?'ன்னு" என்றாள். விண்ணப்பத்தை அங்கேயே வாங்கிவிட்டாள். கோ மட்டும் உடைந்துதான் வந்ததாம். எங்கே போய் மாற்ற வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்.